எவன்கன்னு மேடு

என் வயசு ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாணி மிதித்து வளர்ந்தவர்களுக்கு. மாட்டின் மூக்கில் கை வைத்தாலே அதற்கு உடம்பு சுடுகிறதா இல்லையா என்று, யாரும் சொல்லித்தராமல் தெரிந்துகொண்டவர்களுக்கு. மற்றவர்கள் படித்தால் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெதுவாகத்தான் வரும். எனக்கு எழுத்து அம்புட்டுத்தான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருவேன்.

போன மாசியில் எங்கள் தெருவுக்கு ஒரு ஜீப் வந்தது. வெயில் ஏறுகிற நேரம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஆள் இருக்காது. விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து மகன், மருமகள், அடுத்த வீடு, பின் வீடு என்று எல்லாரையும் அள்ளிக்கொண்டு பட்டாசு வேலைக்குப் போய்விடும். சீசன் என்றால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. மிச்சம் இருப்பது நான், என் பசு, அதன் கன்று, எதிர்வீட்டு மதினி. மதினிக்கும் என் வயசுதான். காது மட்டும் என்னைவிட நல்லா கேட்கும், அதனால் ஜீப் சத்தத்துக்கு முதலில் வந்தது அவள்தான்.

இறங்கியது ஒரு மாட்டு டாக்டர். பெண்பிள்ளை, இருபத்தைந்து வயசு இருக்கும். கூட ஒரு உதவியாள், கையில் ஐஸ் பெட்டி.

"பாட்டி, உங்க கன்னுக்குட்டிகிட்ட கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிடவா?"

"அது நல்லாத்தான இருக்கு தாயி. நல்லா இருக்க கன்னுகிட்ட எதுக்கு ரத்தம்?"

"நல்லா இருக்குன்னு காட்டத்தான் பாட்டி."

மதினி சிரித்துவிட்டாள். "இது நல்ல கூத்தா இருக்கே. எனக்கும் எடுத்துட்டுப் போங்க, நானும் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. என் அருகில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னது. மாட்டுக்கு வெக்கை நோய் என்று ஒன்று இருந்ததாம். ஊர் ஊராக ஊசி போட்டு அதை ஒழித்துவிட்டார்களாம். ஒழிந்துவிட்டது என்று நாம் சொன்னால் மட்டும் மற்ற நாட்டுக்காரர்கள் நம்பமாட்டார்களாம். அதனால் ஊசியே போடாத இளங்கன்றுகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, வயசானவர்களிடம் விசாரித்து, எங்கே எப்போது கடைசியாக வந்தது என்று கேட்டுக்கொண்டு போகிறார்களாம்.

"நான் அந்த நோயப் படத்துலதான் பாத்திருக்கேன் பாட்டி. எங்க பெரிய டாக்டருகள்லயே பாத்தவங்க கொஞ்சம் பேருதான். உங்க ஊருல கடைசியா யாரு வீட்டு மாட்டுக்கு வந்துச்சு, தெரியுமா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள் மதினி சொல்லிவிட்டாள். "கடைசியா செத்தது ஒரு கன்னு. எவன்கன்னு மேட்டுல புதைச்சாகன்னு சொல்லுவாக. யாரு கன்னுன்னு யாருக்கும் தெரியாது தாயி. அநாதைக் கன்னு."

மதினி வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குச் சொன்னதை அவள் சொன்னாள். நான் இதே ஊரில் பிறந்து இதே ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கன்றின் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். உதவியாள் அதன் கழுத்தில் பஞ்சை வைத்துத் துடைத்தான். அந்த ஸ்பிரிட் வாசம் என் மூக்கில் ஏறியது. அந்த வாசத்துக்கு எனக்குக் காட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பதோ பத்தோ. ஆனைக்குட்டத்தில் அணை கட்டாத காலம். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு பசு. அதற்கு முந்தைய வருஷம் அண்ணனுக்கு அம்மை போட்டிருந்தது. லேசாக அல்ல, வாழையிலையில் கிடத்திவைக்கிற அளவுக்கு. ஆத்தா வாசலில் நின்று, இருக்கன்குடி அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கையேந்தினாள். "என் பிள்ளையக் கொடு. இந்தப் பசு வயித்துல இருக்கத உனக்குக் கொடுக்கேன்" என்று. அண்ணன் எழுந்துவிட்டான். முகம் முழுக்கத் தழும்பு, ஆனாலும் எழுந்துவிட்டான். பசு காளைக்கன்று போட்டது. கருப்பட்டி நிறம். காது இரண்டும் அரசிலை மாதிரி மெலிசாக இருக்கும், வெயில் படும்போது உள்ளே ஓடுகிற நரம்பு தெரியும்.

நேர்ந்துவிட்ட கன்றுக்குச் சில கட்டுகள் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. சூடு போடக்கூடாது, மூக்குக் குத்தக்கூடாது, உடம்பில் எந்தக் குறையும் விழக்கூடாது. அம்மனுக்குக் கொடுப்பதை முழுசாகக் கொடுக்க வேண்டும். குறை விழுந்தால் கொடுத்த உயிரை அம்மன் திரும்பக் கேட்பாள் என்பது ஆத்தாவின் பயம். இன்னொன்றும் உண்டு. அதற்குப் பேர் வைக்கக்கூடாது. பேர் வைத்தால் அது நம்ம வீட்டு மாடாகிவிடும், கொடுக்கிற அன்றைக்குக் கை கூசும். அதனால் எங்கள் வீட்டில் அதை "அது" என்றுதான் சொல்வார்கள். ரொம்ப மரியாதை வந்தால் "அம்மன் கன்னு".

நான் ஒரு பேர் வைத்திருந்தேன். அதன் காதுக்குள் மட்டும் சொல்வேன். உங்களுக்கு இப்போது சொல்லப்போவதில்லை.

ஆடியில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. சித்திரையில் வெக்கை வந்துவிட்டது.

நம்ம பக்கத்தில் வெக்கை என்றால் மாட்டுக்கு வருகிற அம்மை என்றுதான் அப்போது நினைப்பு. தொழுவத்தில் வேப்பிலை செருகுவார்கள், மஞ்சள் தண்ணி தெளிப்பார்கள், தாளிக்கிற வாசம் வரக்கூடாது என்பார்கள். ஆனால் அந்த வருஷம் சர்க்கார் முந்திக்கொண்டது. தண்டோரா போட்டார்கள். சந்தையை மூடினார்கள். சாத்தூர் ரோட்டில் மூங்கிலைக் குறுக்கே கட்டி ஆள் நிறுத்தினார்கள். ஊசி போட்ட மாட்டுக்குக் காதில் ஒரு ஓட்டை. ஓட்டை இருந்தால் வண்டி போகலாம், இல்லையென்றால் வந்த வழியே திரும்பு. அய்யா விருதுநகருக்கு வத்தல் மூட்டை ஏற்றுகிறவர். மாட்டுக்குக் காது ஓட்டை இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. அதனால் உழவு மாட்டையும் பசுவையும் ஊசிக்கு ஓட்டிப்போக அவர் மறுக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு மனசில்லை. ஊசி போட்ட மாட்டுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றுகிறது, ஊசிதான் வெக்கையைக் கொண்டுவருகிறது என்று பக்கத்து ஊரிலிருந்து பேச்சு வந்திருந்தது.

ஆத்தாவுக்கு ஊசி பெரிதாகத் தெரியவில்லை. காதுதான். "ஓட்டைக் காதோட கொண்டுபோயி அம்மன் முன்னால எப்படி நிப்பாட்டுவேன்?" என்று அய்யாவிடம் கேட்டாள்.

ஊசிக்காரர் வருகிறார் என்று தெரிந்ததும், ஆத்தா கன்றின் கழுத்து மணிக்குள் துணியை அடைத்தாள். என்னையும் கன்றையும் கூட்டிக்கொண்டு கம்மாய்க் கரையைத் தாண்டி எங்கள் காட்டுக்கு நடந்தாள். அங்கே காய்ந்த பருத்திமார்க் குச்சியால் படல் கட்டிய ஒரு சின்னக் கொட்டகை உண்டு. ஒரு பனைமரம், கொஞ்சம் உடைமரம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெடித்துக் கிடக்கிற கரிசல்.

"அண்ணன் உயிரு இந்தக் கன்னுலதான் இருக்கு பிள்ள. யாரு கண்ணுலயும் படாமப் பாத்துக்க. ஊசிக்காரன் போனதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டில் அண்ணன்தான் எல்லாம். முதல்முறையாக அண்ணன் உயிரையே என் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு பத்து வயசுப் பிள்ளையைக் காட்டில் விட்டுப் போகிறோமே என்று அவள் நினைத்தாளா இல்லையா, அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது. அவளுக்கு அன்றைக்கு ஒரு பயம்தான் சுமக்க முடிந்தது.

ஒரு நாள் என்று போனது, ஊசிக்காரர் ஊருக்கு ஊர் சுற்றி வந்ததில் நீண்டுவிட்டது. பகலில் ஆத்தா கம்மாய்க் கரையில் வந்து நிற்பாள். கஞ்சித் தூக்கைக் கரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, "ஏ பிள்ள, இருக்கியா?" என்று கூப்பிடுவாள். "இருக்கேன்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் நின்று பேசினால் ஊர்க்காரர்கள் பார்த்துவிடுவார்களாம். பொழுது சாய்ந்ததும் அய்யா வந்து கொட்டகைப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்பார், நான் கண் விழிக்கும்போது இருக்கமாட்டார். துண்டு கிடந்த இடத்தில் பீடித் துண்டுதான் கிடக்கும்.

அண்ணன் ஒருநாள் கரை மேல் வந்து நின்று கத்தினான். "ஏட்டி, உன் மாப்பிள்ளை எப்படி இருக்காரு? மேல வேட்டி கட்டியிருக்காரா?"

"உன்னைவிட அழகா இருக்காரு. மூஞ்சியில ஒரு பள்ளம் கிடையாது" என்று நான் கத்தினேன்.

அவன் கல்லை எடுத்து எறிந்தான். கல் எங்கேயோ விழுந்தது. ஆத்தா வந்து அவன் காதைப் பிடித்து இழுத்துப்போனாள். அதற்குப் பிறகு அவனை விடவில்லை.

நீங்கள் காட்டில் தனியாக இருந்திருக்கிறீர்களா? வேலை செய்யப் போய் நிற்பது வேறு. வெறுமனே இருப்பது வேறு. மத்தியானத்தில் பனையோலை உரசுகிற சத்தம் யாரோ நடந்து வருகிற மாதிரியே கேட்கும். திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கன்றிடம் பேசினேன். அது என் கையை நக்கும். உப்புக்காகத்தான் நக்குகிறது என்று இப்போது தெரியும். அன்றைக்கு என்னைப் பிடித்துப்போய் நக்குகிறது என்று நினைத்தேன். அந்த நாக்கு சொரசொரவென்று இருக்கும், வெதுவெதுப்பாக இருக்கும். கழுத்து மணியில் இருந்த துணியை எடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். உடனே அடைத்துவிடுவேன். அந்த ஒரு தடவைச் சத்தத்துக்காகவே விடியும்.

ஊசிக்காரர் கண்ணில் நாங்கள் படத்தான் செய்தோம். கம்மாய்க்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தவர், கொட்டகையைப் பார்த்து நின்றுவிட்டார். காக்கி நிக்கர், தொப்பி, கேரியரில் ஒரு பிளாஸ்க், கிட்டே வந்தால் ஸ்பிரிட் வாசம். சாத்தூர்ப் பக்கத்து வேதக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை. எங்கள் ஊரில் அதற்கும் ஒரு முணுமுணுப்பு உண்டு, வேதக்காரருக்கு அம்மன் காரியம் எப்படித் தெரியும் என்று.

"என்ன பாப்பா, கன்னும் நீயும் கண்ணாமூச்சி விளையாடுதீகளா?"

நான் கன்றின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "இது எங்களது இல்ல. அம்மன் கன்னு. காதைத் தொடக்கூடாது."

"அம்மன் எங்க? வரச்சொல்லு, அவுககிட்டயே கேட்டுப்புடுவோம்."

"இருக்கன்குடியில இருக்காக."

"அம்புட்டுத் தூரம் போனா என் ஐஸ் உருகிரும் பாப்பா." தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் குனிந்து சொன்னார். "கேளு. காதைத் தொடல. ஓட்டை போடல. ஊசி மட்டும். முள்ளு குத்துன மாதிரி, நாளைக்கு இடமே தெரியாது. அம்மனுக்கு முழுசாவே கொண்டுபோயிக் குடுக்கலாம். சரியா?"

எனக்குச் சரி என்றுதான் பட்டது. ஆனாலும் "ஆத்தாகிட்டக் கேக்கணும்" என்றேன்.

"கேட்டுட்டு வாரேன். இங்கனயே நில்லு."

சைக்கிளைத் திருப்பினார். நான் பனைமர நிழலில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிழல் மரத்தைவிட்டு நீண்டு கொட்டகையைத் தொடுகிற வரைக்கும் வரவில்லை. வந்தபோது இறங்கிக்கூட நிற்கவில்லை. ஒரு காலை ஊன்றி, பிளாஸ்க்கைத் திறந்து, உள்ளே ஐஸ் உருகிக் கிடந்த தண்ணியைப் பனைமரத்து மூட்டில் ஊற்றினார். மருந்து சூடாகிவிட்டால் அதற்குப் பிறகு உதவாதாம்.

"உங்க ஆத்தா தனக்குக் கன்னே கிடையாதுங்குறாக பாப்பா. இல்லாத கன்னுக்கு நான் எப்படி ஊசி போட?"

நடந்தது என்ன என்று பின்னால் அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஊர் மரத்தடியில் மாடெல்லாம் வரிசையில் நின்றபோதே ஊசிக்காரர், "பசு ஈன்ற கன்னு எங்க?" என்று ஆத்தாவிடம் கேட்டிருக்கிறார். "அது பிறந்தப்பவே செத்துப்போச்சு" என்று ஆத்தா சூடத்தை அணைத்து சத்தியம் செய்துவிட்டாள். காட்டில் என்னைப் பார்த்த அன்று மத்தியானம் அவர் திரும்பி வந்து, அதே மரத்தடியில், அத்தனை பேருக்கும் நடுவில், "காட்டுல உங்க மக கூட ஒரு கன்னு நிக்குதே, காதைத் தொடாம ஊசி போடுறேன், சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். கூட்டம் சிரித்துவிட்டது. ஒருத்தி, "செத்த கன்னு எந்திரிச்சு மேயப் போயிருச்சாக்கும்" என்றாளாம். ஆத்தா முகம் அப்படியே இறுகிவிட்டதாம். "அது என் கன்னு இல்ல. எவன் கன்னோ" என்றாளாம்.

அந்த மனுஷர் நல்லவர். ஆனால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மாட்டுக்குக் கூச்சம் கிடையாது, எங்கும் வைத்து ஊசி போடலாம். ஆத்தாவுக்கு உண்டு. எங்கள் வம்சத்துப் பெண்கள் சபையில் சொன்னதைத் திரும்ப எடுப்பது கிடையாது. எனக்கும் அதே ரத்தம்தான், அதனால் எனக்கு அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அன்றைக்கு அவள் காப்பாற்றியது காதையும் அல்ல, அம்மனையும் அல்ல. தன் வாய்ச்சொல்லை.

எவன் கன்னோ என்று சொன்னதை வீட்டுக்கு ஓட்டிவர முடியாது, நானும் அதோடு காட்டிலேயே கிடந்தேன். ரோட்டில் மறித்துத் திருப்பிவிட்ட வியாபாரி மாடுகள் காட்டு வழியாக வந்து எங்கள் கம்மாயில் குட்டையாக மிச்சம் கிடந்த தண்ணியைக் குடித்துவிட்டுப் போயின. மெலிந்த மாடுகள், கண்ணில் ஒழுக்கோடு. நான் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், கூட்டம் வந்திருக்கிறது என்று. கன்றும் அந்தத் தண்ணியில்தான் குடித்தது.

முதலில் அது என் கையை நக்கவில்லை. மூக்கு காய்ந்து வெடித்திருந்தது. பிறகு கண்ணீர். மாடு அழுகிறது என்று நினைத்து நானும் அழுதேன். வாயைத் திறந்து பார்த்தால் ஈறிலும் உதட்டிலும் தவிட்டைத் தூவிய மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தால் தவிடு போய்ப் பச்சைப் புண் தெரிந்தது. அந்த வாய் நாற்றம்... நான் பெற்ற பிள்ளைகளின் பீயை அள்ளியிருக்கிறேன், என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது புண்ணைக் கழுவியிருக்கிறேன். அப்படி ஒரு நாற்றம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கழிச்சல் தண்ணியாகப் பீச்சியடித்தது. கருப்பட்டி நிறமெல்லாம் போய் மண் நிறமாகிவிட்டது.

கரைக்கு ஓடிப்போய்க் கத்தினேன். ஆத்தா வந்தாள். நான் கிட்டே போகப் போக அவள் பின்னால் போனாள்.

"அங்கனயே நில்லு பிள்ள! அதைத் தொட்ட கையோட வராத. வீட்டு மாட்டுக்கு ஒட்டிரும். அய்யா வண்டிக்கு மாடு வேணும்."

"வீட்டுக்கு வாரேன் ஆத்தா."

"வேண்டாம். அது தெளியுற மட்டும் அங்கனயே இரு."

அன்றிலிருந்து அய்யாவும் கொட்டகைக்கு வரவில்லை. கம்மாய்க் கரை மேல் படுத்தார், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்ல?

என் கஞ்சியில் பாதியை ஆற்றி அதன் வாயில் ஊற்றினேன். ஒழுகிவிட்டது. பாவாடை நுனியை நனைத்து உதட்டைத் துடைத்தேன். கடைசியில் மணித் துணியை உருவிப் போட்டுவிட்டேன். இனி யாரிடமிருந்து ஒளிக்க? அது தலையை ஆட்டினால் சத்தம் வரும், உயிர் இருக்கிறது என்று தெரியும். நான் பனைமூட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒரு காலையில் காத்திருந்தேன், வரவில்லை.

ஆத்தா கரையில் வந்து, "ஏ பிள்ள, இருக்கியா?" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றேன்.

அவள் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

செத்த மாட்டை ஆழத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், தோலை உரிக்கக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. ஊசிக்காரர் மண்வெட்டியோடு வந்தார். ஊர்க்காரர்களும் வந்து கரை மேலேயே வரிசையாக நின்றார்கள், தேர் பார்க்கிற மாதிரி. யாரும் இறங்கவில்லை. அவர் ஒருத்தரே தோண்டினார். நான் மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். கன்றை இழுத்துக் குழிக்குள் விடும்போது காது இரண்டும் மேலே தெரிந்தன. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். அவர் அதைப் பார்த்தார்.

மேட்டைத் தட்டிவிட்டு, கரையைப் பார்த்து சத்தமாகக் கேட்டார். "இது யாரு கன்னு? யாராச்சும் சொல்லுங்க."

ஆத்தா கூட்டத்தின் முன்னால் நின்றாள். "எவன் கன்னோ" என்றாள்.

"கன்னு எவன் கன்னோன்னா, அது பக்கத்துல நிக்கிற இந்தப் பிள்ளை யாரு பிள்ளைம்மா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆத்தா கரையிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்க்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கம்மாய்த் தண்ணியில் இறக்கி, தலையோடு முக்கி, மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். என் பாவாடையை அங்கேயே எரித்தாள். தன் முந்தானையைக் கிழித்து எனக்குச் சுற்றினாள். மணிக்கட்டை விடாமல் வீடுவரைக்கும் இழுத்துப்போனாள். அதன் பிறகு அந்தக் கன்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. மணி என்ன ஆயிற்று என்று தெரியாது. குழிக்குள் போயிருக்கும்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்தே போனோம். ஆற்று மணலில் கூட்டம். ஆத்தா மண் உருவம் விற்கிறவளிடம் ஒரு கன்று வாங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் காதைத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாள். அதை என்னிடம் கொடுக்காமல், அண்ணனிடம் கொடுக்காமல், தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் வைத்தாள். வைத்துவிட்டு உதட்டை அசைத்தாள். எனக்குக் கேட்கவில்லை. உலகத்திலேயே அம்மனிடம் மட்டும்தான் அது எங்கள் கன்று என்று அவள் ஒத்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அண்ணனை அம்மன் திரும்பக் கேட்கவில்லை. பேரன் பேத்தி எடுத்து, போன வருஷம்தான் சர்க்கரையில் போனான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வெக்கை வரவில்லை. மாட்டுக்கெல்லாம் காதில் ஓட்டை இருந்தது. புதைத்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் எவன்கன்னு மேடு என்று பேர் வைத்தார்கள். முதலில் ஆத்தாவைக் குத்துவதற்குத்தான். அப்புறம் குத்தியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள், ஆத்தாவும் போய்ச் சேர்ந்தாள், பேர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனி. சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே தள்ளித் தள்ளி அறைகள். என் மருமகள் அங்கேதான் வேலை செய்கிறாள். பஸ்காரன், "எவன்கன்னு மேடு இறங்கு" என்றுதான் கத்துவானாம். என்னை உள்ளே விடமாட்டார்கள். ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன், "அங்கன என்ன பாட்டி இருக்கு?" என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

சரி, ஜீப்புக்கு வருகிறேன்.

கன்றிடம் ரத்தம் எடுத்துப் பஞ்சை அழுத்தியாயிற்று. நான் சொன்னேன், "வெக்கைய நான் பாத்திருக்கேன் தாயி." தவிடு ஒட்டியதைச் சொன்னேன், கண்ணீரைச் சொன்னேன், கழிச்சலைச் சொன்னேன். காட்டில் இருந்ததையும் சொன்னேன், கன்று யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு. அந்தப் பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டது. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டது.

"சீக்கு வந்ததுக்குப் பெறகும் ஏன் பாட்டி உங்கள அங்கயே விட்டாங்க?"

"வீட்டு மாட்டுக்கு ஒட்டிருமுன்னு."

"வீட்டு மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு. காதுல ஓட்டையோட நின்னுச்சு."

"அப்ப ஒட்டாதே பாட்டி. ஊசி போட்ட மாட்டுக்கு அது ஒண்ணும் செய்யாது. நீங்க அன்னைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னது, குளிர்ந்த தண்ணியா வெந்நீரா என்று கேட்கிற மாதிரி. அதற்கு என்ன தெரியும். நான் எழுந்துபோய்ப் பானையில் தண்ணி மோந்தேன். செம்பு நிறைந்து வழிகிறது என்பதே கை நனைந்த பிறகுதான் தெரிந்தது. அய்யா தினமும் அந்தக் காதுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினார். ஆத்தா அந்தக் காதுகளைத் தடவித்தான் தண்ணி காட்டினாள். ஊசி போட்டார்களே தவிர, ஊசியை யாரும் நம்பவில்லை. கரை மேல் நின்ற அவளுக்கும், கீழே நின்ற எனக்கும் நடுவில் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. வெறும் காய்ந்த கம்மாய்தான்.

தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பிள்ளை குடித்துவிட்டு, "கடைசியா செத்தது யாரு வீட்டு மாடுன்னு மட்டும் தெரியல, இல்ல பாட்டி?" என்றது.

மதினி முந்திக்கொண்டாள். "அதான் சொன்னேனே தாயி, எவன் கன்னோன்னு."

"மதினி, கொஞ்சம் சும்மா இரு" என்றேன். "எங்க கன்னு தாயி. எங்க வீட்டுப் பசு ஈன்ற கன்னு. எங்க ஆத்தா நேந்துவிட்ட கன்னு. நான்தான் கூட இருந்தேன்."

மதினி என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் எதிர்எதிரே வாசல் தெளித்திருக்கிறோம். அவள் அப்படி ஒருநாளும் என்னைப் பார்த்தது கிடையாது.

"சரி பாட்டி" என்றது அந்தப் பிள்ளை. "கருப்பா, செவலையா?"

"கருப்பட்டி நிறம். காது ரெண்டும் முழுசா இருந்துச்சு. பேரு சீனி."

அது சிரித்தது. "மாட்டுக்குப் பேரெல்லாம் வேண்டாம் பாட்டி."

"உனக்கு வேண்டாமுன்னா விட்டுரு தாயி" என்றேன். "அதுக்கு வேணும்."